மைக்கோட்டைத் தாண்டிய சிவப்பு

என் தம்பி முனிராஜின் காலில் முள் குத்தியது வெள்ளிக்கிழமை. பிடுங்கியது நான். நுனி உள்ளேயே முறிந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மாந்தோப்புப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு காலையில் பாதம் பணியாரம்போல் உப்பிவிட்டது. தொட்டால் சுட்டது.

அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கணுக்கால்வரை பற்றுப் போட்டாள். "நாளைக்கு வத்திடும். யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

"முனிலட்சுமிக்கா, உள்ளே என்னமோ துடிக்குது" என்றான் முனிராஜ்.

எனக்கு அறிவியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. கிருமி நுழைந்த இடத்திலுள்ள உயிரணுக்கள் ஒருவகை ரசாயனத்தைச் சுரக்குமாம். 'ஓடி வாங்க!' என்று கூப்பிடுவதுபோல. உடனே இரத்தக் குழாய்கள் விரியும், வெள்ளை அணுக்கள் சண்டைக்கு ஓடி வரும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதனால்தான். கிருமி ஒழிந்தால் அடங்கிவிடும். பரவினால்தான் ஆபத்து.

பரவுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்புதானே! பற்றும் சிவப்பு, காலும் சிவப்பு.

தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"அம்மா உதைக்கும்கா!"

"உதைச்சா எனக்குத்தானே? நீ காலை நீட்டு."

கழுவினேன். சிவப்பு முடிந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் மைக்கோடு போட்டேன். "கூசுதுக்கா!" என்று அழுதுகொண்டே சிரித்தான்.

மத்தியானம் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. இப்போது அவன் சிரிக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது, பல் தந்தியடித்தது.

கொல்லைக்கு ஓடினேன்.

"அம்மா, முள்ளு நுனி உள்ளேயே இருக்கு. நான்தான் ஒடைச்சேன். தோப்புக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். பயந்துக்கிட்டுச் சொல்லல. சிவப்பு கோட்டைத் தாண்டிடுச்சும்மா!"

"அடிப்பாவி, பத்தைக் கழுவிட்டியா?" அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். காலைப் பார்த்ததும் ஓங்கிய கை இறங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன் மாமா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். நாகரசம்பட்டியில் பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அம்மா என்னோடு பேசவே இல்லை. நான் வேண்டாத சாமியில்லை.

டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோட்டைப் போட்டது யாரு?"

நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தேன். "நான்தான். காலையில போட்டேன்."

"காலையில இங்க, இப்ப இங்கயா?" விரலால் அளந்தார். "நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க. நாளைக்குன்னா..." அவர் சின்னக் கத்தியை எடுத்தார்.

கீறி எடுத்த முள் நுனி ஒரு சீரகம் அளவுதான். "இதுவும் இது கொண்டுபோன கிருமியும் உள்ளே இருக்கிறவரைக்கும் உடம்போட கூப்பாடு ஓயாது" என்றபடி ஊசி போட்டார். சிவப்பைச் சுற்றிப் புதுக்கோடு போட்டார். "தாண்டுதான்னு நீயே பாரு. தாண்டினா உடனே கூட்டிட்டு வரணும்."

மணிக்கு நாலு தடவை பார்த்தேன். தாண்டவில்லை. மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது.

மையைத் துடைக்க ஈரத்துணியோடு போனேன். முனிராஜ் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"அழிக்காதக்கா! பள்ளிக்கூடத்துல காட்டணும்."