பாடாமல் கேட்டவர்

பல் துலக்கி முடித்ததும் பொற்கலை தொண்டையைச் சுவரிடம் காட்டினாள். சுவரில் பதித்திருந்த சிறு வட்டம் ஒளிர்ந்தது.

“வணக்கம். அனுமதியில்லாமல் யாருடைய மெட்டையாவது நேற்று பாடினீர்களா, முணுமுணுத்தீர்களா?” தேன் தடவிய குரலில் அது கேட்டது.

“தெரிஞ்சு யாரு மெட்டையும் பாடல.”

வட்டம் கொஞ்சம் தயங்கியது. பொய் சொன்னால் குரல்நாண் நடுங்கும். தொண்டைக்குள் அரிசி மணியளவில் இருக்கும் சில்லு அந்த நடுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பொற்கலை சொன்னது பொய் இல்லை. அவள் பாடியது அவளே கட்டிய மெட்டு. அதை அவளுடையது என்று சட்டம் ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான். வட்டம் பச்சையாகி அணைந்தது.

மன்னார் வளைகுடாவுக்கு அடியில் இருந்த ஆழிவயல் நகரத்தில் எல்லோருடைய காலையும் இப்படித்தான் விடிந்தது. இரண்டு தலைமுறைக்கு முன்பு பண்ணகம் என்ற நிறுவனம் ஒரு கணிப்பொறியிடம் பன்னிரண்டு சுரத்தானங்களைக் கொடுத்து, மனிதத் தொண்டையால் பாடக்கூடிய எல்லா வரிசைகளையும் கோக்கச் சொன்னது. அது சலிக்காமல் கோத்தது. கோத்தவை எல்லாவற்றையும் பண்ணகம் தன் பெயரில் பதிந்துகொண்டது. அதன் பிறகு, இனிமேல் யாருக்கும் தோன்றப்போகும் மெட்டுக்கும் முன்கூட்டியே ஒரு சொந்தக்காரர் இருந்தார். குழந்தை அழுதால் சுவரிடம் சொல்ல வேண்டும், சுவர் தாலாட்டுப் பாடும். தாய் பாடினால் குரல்பூட்டு.

குரல்பூட்டு என்றால் என்னவென்று பொற்கலைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் தம்பி இளம்பரிதி சவரம் செய்துகொண்டிருந்தபோது தன்னை மறந்து எதையோ முனகினான். சில்லு குரல்நாணை இறுக்கியது. பிறகு அது தளரவே இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமானால் அவன் தட்டைத் தட்டுகிறான். கெட்ட கனவு கண்டு அலறும்போதும் வாய் மட்டும்தான் திறக்கிறது. திறந்து கிடக்கும் அந்த வாயைப் பார்த்த பிறகும் பொற்கலை வியாழக்கிழமை தவறாமல் பாடப் போனாள்.

அவள் வேலை பார்த்தது குடிநீர் நிலையத்தின் பம்பு அறையில். பம்புகள் இரையும்போது தரையே அதிரும். அந்த அதிர்வில் சில்லுக்குச் சுரம் பிடிபடாது. அதைக் கண்டுபிடித்தவள் மின்பணியாளர் ரெஜினா. ஷிப்டு முடிகிற நேரத்தில் அவளும் பொற்கலையும் சரக்குக் கிடங்கு ஷாகுலும் கணக்குப் பிரிவு கதிரேசனும் பம்புகளுக்கு நடுவே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருவார்கள். ரெஜினா எங்கிருந்தோ கொஞ்சம் இசையிலக்கணம் கற்றிருந்தாள். கம்பியைச் சரிபாதியாகக் குறுக்கிச் சுண்டினால் அதே ‘ச’ மேலே போய் ஒலிக்கும் என்று ஒரு நாள் காட்டினாள். ‘ப’ அதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம், எந்தச் சுரத்தில் நிறுத்தினால் பாட்டு வீடு வந்து சேர்ந்ததுபோல் இருக்கும், எதில் நிறுத்தினால் வாசலிலேயே தவிக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் கட்டிய பாட்டைப் பாடுவார்கள். பாடி முடிந்ததும் “அருமை” என்று மற்ற மூவரும் சொல்வார்கள். அடுத்தவர் தொடங்குவார்.

ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர் பல் மருத்துவர் மாசானமுத்து. பல் வலிக்குப் போன ரெஜினா, மயக்க மருந்தின் தயவில் உளறிவிட்டாள். “நானும் வரலாமா?” என்று அவர் கேட்டார். மறுக்கப் பயந்து கூட்டி வந்தாள்.

அவர் பாடவில்லை. மூலையில் இருந்த குழாயின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லோருடைய பாட்டையும், தொடக்கத்திலிருந்து கடைசிவரை.

ஒரு வியாழக்கிழமை பொற்கலை பாடி முடித்ததும் அவர் கேட்டார்: “முன்னாடி பாடுனப்போ ரெண்டாவது அடிய ‘நி’யில நிறுத்துனீங்க. இன்னைக்கு ‘ச’வுக்கு வந்துட்டீங்க. ஏம்மா? அந்தத் தவிப்பு நல்லா இருந்துச்சே.”

பொற்கலை அவரை உற்றுப் பார்த்தாள். அவள் மாற்றியது உண்மை. அவளைத் தவிர யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எந்த மனிதன் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பான்?

அந்த வாரமே கிழக்குக் கூடத்தில் இவர்களைப்போல் ஒளிந்து பாடிய ஒரு குழு பிடிபட்டது. ஒரே நாளில் ஆறு பேர் ஊமையானார்கள். அவர்கள் நடுவே பண்ணகம் ஓர் ஆளுருவை உட்கார வைத்திருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். வியர்க்கும், விக்கும், தும்மும், அச்சு அசல் மனிதனாகவே இருக்கும் இயந்திரமாம்.

பொற்கலை அடுத்த வியாழக்கிழமைவரை காத்திருக்கவில்லை. மற்ற மூவரையும் தனியாகக் கூட்டிச் சொன்னாள். “எனக்கு டாக்டர் மேலதான் சந்தேகம்.”

“எனக்கும்தான்” என்றான் ஷாகுல். “சொந்தமா ஒரு பாட்டு கிடையாது. அடுத்தவன் பாட்டக் கேக்கிறதுக்குன்னே உசுரப் பணயம் வச்சு எவனாவது வருவானா?”

“வரவே மாட்டான்” என்றான் கதிரேசன். “நான் பாடுறப்போ அவரு மூஞ்சியப் பாத்திருக்கேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. என் பாட்டுக்குப் போய் யாருங்க அழுவா? அப்படியே பதிவு பண்ணிட்டு இருந்திருக்கும்.”

“இயந்திரம்னா தண்ணிக்குள்ள விட்டா நின்னு போயிருமா?” ரெஜினா மெதுவாகக் கேட்டாள்.

“மனுசனா இருந்தா?” என்றாள் பொற்கலை.

ரெஜினா தொட்டி கழுவும் அட்டவணையை எடுத்துப் பார்த்தாள்.

கழுவுவதற்காகக் காலி செய்திருந்த மூன்றாம் தொட்டி அடுத்த வியாழக்கிழமை திறந்து கிடந்தது. ஷிப்டு முடியும்போது அதில் தானாகவே நீர் ஏறத் தொடங்கும். மாசானமுத்து வந்ததும் பொற்கலை எழுந்தாள்.

“டாக்டர், தொட்டிக்குள்ள எதிரொலி பிரமாதமா இருக்கும். நீங்க உள்ள நில்லுங்க, நான் வெளிய இருந்து பாடுறேன். கேட்டுட்டுச் சொல்றீங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. “அந்த ‘நி’யில நிறுத்திப் பாடுங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினார்.

அவள் மூடியைத் தள்ளித் திருகை முறுக்கினாள். அது இரண்டு தடவை நழுவியது. சற்று நேரத்தில் உள்ளே நீர் பாயும் சத்தம் கேட்டது. தட்டினால் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இந்த இரைச்சலில் தட்டுவது எங்கே கேட்கும்? மூடியில் கையை வைத்துப் பார்த்தாள். எல்லாமே அதிர்ந்தது.

அப்போது பம்பு அறையின் கதவு திறந்தது.

பண்ணகத்தின் சாம்பல் சீருடையில் ஓர் அதிகாரி நுழைந்தாள். பின்னால் பெட்டியோடு ஒரு தொழில்நுட்பன். ரெஜினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பொற்கலைக்குத் தம்பியின் வாய் கண்முன் வந்தது.

“ஓடாதீங்க. வெளிய ஆள் இருக்கு” என்றாள் அதிகாரி. அவள் யாரையும் பிடிக்கவில்லை. நேராகக் கதிரேசனிடம் போனாள். “சரி, எடுங்க.”

தொழில்நுட்பன் கதிரேசனின் காதுக்குப் பின்னால் விரலை அழுத்தினான். பயத்தில் வியர்த்துக்கொண்டிருந்த கதிரேசனின் முகம் அப்படியே உறைந்தது. கண் இமைகள் பாதியில் நின்றன.

பொற்கலை மூடியின் பக்கம் திரும்பினாள். இவன் இயந்திரம். அப்படியானால் தொட்டிக்குள் இருப்பவர்?

பெட்டியில் கதிரேசனின் நினைவு ஓடியது. அவன் பாடிய பாட்டு. அதன் பிறகு வெறும் இரைச்சல். மறுபடி அவன் பாட்டு, அதையே வேறு சொற்களில், கொஞ்சம் திருத்தி. மறுபடி இரைச்சல்.

“இவங்க பாடினது எங்கய்யா?” அதிகாரி பல்லைக் கடித்தாள்.

“பதிவாகலை மேடம். மத்தவங்க பாடுறப்போ எல்லாம் தன் பாட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு இருந்திருக்கு. முடிஞ்சதும் ‘அருமை’ன்னு சொல்லியிருக்கு.” தொழில்நுட்பன் தலையைச் சொறிந்தான். “கிழக்குக் கூடத்துல பழைய மாடல், எல்லாத்தையும் பதிவு பண்ணுச்சு. ஆனா அந்த மாடலை எங்க விட்டாலும் ரெண்டாம் நாளே சந்தேகப்பட்டுடுறாங்க. அதான் இதை மனுசங்ககிட்டயே விட்டுப் பழக்கினோம்.”

சில்லு பிடிக்காத பாட்டுக்குப் பூட்டுப் போட, காலையில் சுவரிடம் சொல்வதுபோல் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது சட்டப்படி சாட்சியாகாது. அடுத்தவர் பாடியதை ஓர் அடியாவது சொல்ல வேண்டும். அதிகாரி ரெஜினாவிடம் திரும்பினாள். “இவங்க ரெண்டு பேரும் என்ன பாடினாங்க?”

“தெரியாது மேடம்.”

அதிகாரி அவள் தொண்டையில் வைத்த கருவி பச்சை காட்டியது; இந்த இரைச்சலில் சுரம்தான் தவறும், பொய்யின் நடுக்கம் தவறாது. உண்மை.

“நீங்க சொல்லுங்க.”

“ஞாபகம் இல்லைங்க” என்றான் ஷாகுல். பச்சை.

பொற்கலையின் முறை வந்தது. இத்தனை வியாழக்கிழமைகளில் கேட்டவற்றை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஓர் அடிகூட வரவில்லை. “தெரியாது” என்றாள். பச்சை.

அதிகாரி பெட்டியை மூடச் சொன்னாள். தப்பித்தாயிற்று. பேசாமல் நின்றால் போதும். எல்லோருடைய பாட்டும் அடி பிசகாமல் தெரிந்த ஒரே ஒருவர் மூடிக்கு அடியில் இருந்தார். நீர் இந்நேரம் கழுத்துக்கு வந்திருக்கும். ஷாகுல் அவளையே பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தான்.

“உள்ள ஆள் இருக்கு!” என்று கத்திக்கொண்டே பொற்கலை திருகின் மேல் பாய்ந்தாள்.

மூடி திறந்தபோது மாசானமுத்துவின் முகம் மட்டுமே நீருக்கு மேலே இருந்தது. விரல் நகங்களில் ரத்தம். தொழில்நுட்பன்தான் தூக்கி வெளியே போட்டான். அவர் இருமி இருமி நீரைக் கக்கினார்.

அவர் எப்படி உள்ளே போனார் என்றுகூடக் கேட்காமல் அதிகாரி குனிந்தாள். “இவங்க பாடினதக் கேட்டிருக்கீங்களா?”

அவர் பொற்கலையை ஏறிட்டுப் பார்த்தார். அவள் கைகூப்பினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

“கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன்.” பச்சை.

“என்ன பாடினாங்க? ஓர் அடி சொன்னாப் போதும்.”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லலைன்னா பூட்டு உங்களுக்குத்தான் விழும் டாக்டர்.”

“அதெல்லாம் அவங்க பாட்டு. நான் கேட்டதோட சரி. சொல்ல மாட்டேன்.”

பச்சை எரிந்தது. அதிகாரி கருவியில் எதையோ தட்டினாள். மாசானமுத்துவின் கை தொண்டைக்குப் போனது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

கதிரேசனைத் தூக்கிச் செல்ல ஆட்கள் வந்தார்கள். “அடுத்ததக் கொஞ்சம் கவனிச்சுக் கேக்கிற மாதிரி செய்யுங்கய்யா” என்றாள் அதிகாரி.

“செய்யலாம் மேடம்” என்றான் தொழில்நுட்பன். திறந்து கிடந்த தொட்டியையும் ஈரத் தரையையும் அவன் பார்த்தான். “ஆனா அப்படிக் கவனிச்சுக் கேட்டா, மனுசன் இல்லைன்னு கண்டுபிடிச்சிருவாங்களே.”

அவர்கள் போன பிறகு ரெஜினா அழுதாள். ஷாகுல் சுவரைப் பார்த்து நின்றான். மாசானமுத்து சட்டையைப் பிழிந்துவிட்டு எழுந்து, நடைபாதையில் இறங்கினார்.

பொற்கலை பின்னாலேயே ஓடினாள். “டாக்டர்! ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க டாக்டர்!”

நடைபாதையில் பம்புச் சத்தம் இல்லை. அவள் குரல் தெளிவாகவே ஒலித்தது. ஒரு சுரம் மாறினாலும் பிடித்துவிடும் மனிதர், காதில் எதுவுமே விழாதவர்போல் நடந்துகொண்டே இருந்தார்.