எட்டு தடவை வேண்டாம்

எங்கள் வீட்டில் என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பதினொரு வயதுதான் ஆகிறது. ஆனாலும் யாராவது தப்புச் செய்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிடுவேன். அதோடு விட்டால் பரவாயில்லை, பரீட்சையும் வைப்பேன்.

என் மாணவர்களில் மோசமானவன் என் அண்ணன். நல்ல மாணவர் அப்பா. அன்றைக்கு வந்த வம்பெல்லாம் அந்த நல்ல மாணவரால்தான் வந்தது.

அப்பா சைக்கிள் மெக்கானிக். கீழே பட்டறை, மேலே வீடு. பஞ்சர் ஒட்டுவதோடு நிற்க மாட்டார். கால் முடியாதவர்கள் கையால் சுற்றி ஓட்டும் சைக்கிள், முன்னால் பெரிய பெட்டி வைத்த சைக்கிள் என்று புதிது புதிதாகச் செய்வார். ஆனால் இரும்புக் குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்க்க வெல்டிங் மெஷின் வேண்டும். அது எங்களிடம் இல்லை.

அதனால் ஒவ்வொரு தடவையும் குழாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போவார். அவர்கள் வேலை முடியும்வரை ஓரமாக நிற்பார். சில நாள் மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, இன்றைக்கு முடியாது, நாளைக்கு வா என்று சொல்லிவிடுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்பயிற்சி நிலையம் ஓர் அறிவிப்பு போட்டது. சிறிய பட்டறைகளுக்கு இலவசமாக வெல்டிங் மெஷின் தரப்போகிறார்களாம். தாங்கள் செய்த ஐந்து பொருள்களின் படங்களோடு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அம்மா லேப்டாப்பில் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டார். படம் மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுங்கள், மறந்தால் அடுத்த வருஷம்தான் என்று எங்களிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினார். அம்மா நர்ஸ். அன்றைக்கு அவருக்கு மதிய டியூட்டி.

ஐந்து படங்களும் அப்பாவின் போனில் இருந்தன. அதில் இன்டர்நெட் கிடையாது. அது ஒரு தனிக் கதை.

போன மாதம் யாரோ ஒருவன் பாங்கிலிருந்து பேசுவதாக அப்பாவைக் கூப்பிட்டான். உங்கள் கணக்கை மூடப்போகிறோம், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றான். அப்பா நான்கு இலக்கங்களைச் சொல்லிவிட்டார். நல்ல வேளை, அம்மா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அன்றோடு போனில் இன்டர்நெட்டையே எடுத்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? பாடம் எடுத்தேன். எண் வந்தால் யாரிடமும் சொல்லக் கூடாது. போன் திடீரென்று சரியா, வேண்டாமா என்று எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்திவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தேன். அப்பா முழு மார்க் வாங்கினார்.

சரி, படத்துக்கு வருவோம். இன்டர்நெட் இல்லாத போனிலிருந்து லேப்டாப்புக்குப் படத்தை எப்படிக் கொண்டுபோவது? வீட்டு இன்டர்நெட் ஒயர் வழியாக லேப்டாப்புக்கு மட்டும்தான் வரும். எங்களிடம் இருந்த கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான் உதவும். மிச்சம் இருந்த ஒரே வழி புளூடூத். போனும் லேப்டாப்பும் ஒயர் இல்லாமலே பேசிக்கொள்ளும் வழி.

நானே கீழே போய் அப்பா போனில் புளூடூத்தைப் போட்டுவிட்டு வந்தேன். போனை மேலே கொண்டுவர முடியாது. வழியில் சைக்கிள் நின்றுபோனவர்கள் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்காகவே போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். லேப்டாப்பையும் கீழே கொண்டுபோக முடியாது. அதன் பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. ஜன்னல் பக்கத்து பிளக்கை விட்டு நகர்த்தினால் அணைந்துவிடும்.

மூன்றரை மணிக்கு அண்ணன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். திரையில் அப்பாவின் போன் பெயர் வந்தது. இணை என்று அழுத்தினான். ஏதோ எண் வந்து ஏதோ கேட்டது. படிக்காமலே ஆம் என்று தட்டினான். எது கேட்டாலும் ஆம் என்று தட்டுவது அவன் வழக்கம்.

"இணைக்க முடியவில்லை. மீண்டும் முயல்க" என்றது லேப்டாப்.

மீண்டும் முயன்றோம். அதே பதில். போனை அணைத்துப் போடச் சொல்லி அப்பாவிடம் ஓடினேன். போட்டார். பலன் இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டோம். அது கண் திறக்கவே ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அப்புறமும் அதே பதில். பழைய ஹெட்போன் பெயரெல்லாம் பட்டியலில் இருப்பதால்தான் குழம்புகிறது என்று அண்ணன் எல்லாவற்றையும் நீக்கினான். லேப்டாப் அசையவில்லை.

நடுவில் உள்ள மாடித் தளம்தான் தடுக்கிறது என்றான் அடுத்து. சரி என்று மறுபடி கீழே ஓடி, அப்பாவை ஜன்னலுக்கு நேர் கீழே வந்து உட்காரச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஒரு சக்கரத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆறாவது தடவை. முடியவில்லை. மீண்டும் முயல்க.

மணி நாலே கால். அண்ணன் கைவிட்டான். லேப்டாப் காயலான் கடைக்குப் போக வேண்டியது, அதோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டான். எனக்கு அழுகை முட்டியது. அப்பா இன்னும் ஒரு வருஷம் குழாயைத் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக நிற்க வேண்டுமா?

"இன்னொரு தடவை அழுத்துண்ணா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் அழுத்தினான். கீழே அப்பாவின் போன் டிங் என்றது. அப்பா சக்கரத்தைக் கீழே வைத்தார். கையெல்லாம் கிரீஸ். அதனால் புறங்கையால் போனைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துப் படித்தார். பிறகு மூக்கால் ஓர் அழுத்து அழுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சக்கரத்தை எடுத்தார்.

"இணைக்க முடியவில்லை" என்றது லேப்டாப்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் அழுத்தச் சொன்னேன். கீழே டிங். மறுபடியும் மூக்கு. மேலே, இணைக்க முடியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் படியில் தடதடவென்று இறங்கினோம். போனில் என்ன வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மத்தியானத்துலேருந்து எவனோ ஒருத்தன் விடாம தொல்லை பண்றான். ஆறு நம்பர் போட்டு, சரியா வேண்டாமான்னு கேக்குறான். ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர். நான் ஏமாறுவேனா? எட்டு தடவை வேண்டாம்னு போட்டுட்டேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் அவன் காலை நன்றாக மிதித்தேன். ஏனென்றால் எனக்கு அப்பாவின் அந்த இரண்டு நாள் முகம் ஞாபகம் வந்தது.

"அப்பா, அந்த எவனோ ஒருத்தன் நாங்கதான்" என்றேன் மெதுவாக.

அப்பா எங்களைப் பார்த்தார், மாடி ஜன்னலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. சக்கரத்தை உருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எனக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா. அன்னிக்குச் சொல்லக் கூடாதவன்கிட்டச் சொன்னேன். இன்னிக்குச் சொந்தப் பிள்ளைங்களையே விரட்டியிருக்கேன். மெஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம். விடு."

"தப்பு உங்க மேல இல்லப்பா" என்றேன். "நான் பாதிப் பாடம்தான் நடத்தினேன். எதுக்கு வேண்டாம் போடணும்னு மட்டும் சொன்னேன். எப்போ சரின்னு போடணும்னு சொல்லவே இல்ல. அரைப் பாடம் நடத்தினது டீச்சர் தப்பு."

அவர் போனைத் திருப்பிக் காட்டி, கேட்டவன் பெயரைப் பார் என்றார். புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளப் பெயர். பழைய லேப்டாப் என்பதால் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எனக்கே அது திருடன் பெயர் மாதிரிதான் இருந்தது. அதையும் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

மீதிப் பாடத்தை அங்கேயே நின்றுகொண்டு நடத்தினேன். நாமாக ஆரம்பிக்காத வேலைக்கு எப்போதும் வேண்டாம்தான். நாமே ஆரம்பித்த வேலையாக இருந்தால், லேப்டாப்பில் ஓர் எண் வரும், போனிலும் ஓர் எண் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் சரி.

அப்பா யோசித்தார். மேலே வந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஜன்னலிலிருந்து கத்துகிறோம் என்றான் அண்ணன். அது ஆகாது, என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போனார். கிரீஸ் போக மூன்று தடவை சோப்புப் போட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மேலே வந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. அண்ணன் அழுத்தினான். இரண்டு திரையிலும் எண் வந்தது. அப்பா விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். முதல் இலக்கம் சரி. இரண்டாவது சரி. நான்காவதுக்கு வந்தபோது எண்ணே மறைந்துவிட்டது.

"எங்க போச்சு?" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும் என்றோம். இரண்டாவது தடவை வேறு எண் வந்தது. முன்னே வந்தது இது இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் எண் மாறும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் மறைந்தது. அண்ணன் தலையைப் பிய்த்துக்கொண்டான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் கால் பக்கத்திலேயே என் கால் இருந்தது.

மூன்றாவது தடவை நான் லேப்டாப் எண்ணைப் படித்தேன், அப்பா போனில் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறும் ஒன்றாக இருந்தன. அண்ணன் ஆம் என்று தட்டினான். அப்பா விரலால் சரி என்று அழுத்தினார்.

"இணைந்தது" என்றது லேப்டாப்.

அடுத்து, படம் வரப்போகிறது, வாங்கிக்கொள் என்று லேப்டாப்புக்குச் சொல்ல வேண்டும். அதை அண்ணன் செய்தான். கைச் சைக்கிள் படம் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தது. அப்புறம் பெட்டிச் சைக்கிள். ஐந்தும் வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்து மூன்று. விண்ணப்பத்தில் அவற்றைச் சேர்த்து, அனுப்பு என்று அழுத்தினோம்.

அனுப்பவில்லை. புதிதாக ஒரு கட்டம் வந்தது. உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே நிரப்புங்கள் என்றது.

அப்பாவின் போன் டிங் என்றது. இது யார் கேட்கிறார்கள் என்றார். பயிற்சி நிலையம்தான் என்று பக்கத்தின் மேலே இருந்த பெயரைக் காட்டினேன். போனில் வந்த செய்தியிலும் அதே பெயர் இருக்கிறதா என்று அப்பா பார்த்துக்கொண்டார். இருந்தது.

மணி நாலு ஐம்பத்தாறு. எனக்குக் கை பரபரத்தது. "நம்பரைச் சொல்லுங்கப்பா, நான் அடிக்கிறேன்" என்றேன்.

அப்பா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நம்பரை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நகருங்க ரெண்டு பேரும்."

நாங்கள் நகர்ந்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். போனைப் பார்த்தார், ஓர் இலக்கம் அடித்தார். மறுபடி போனைப் பார்த்தார், அடுத்ததை அடித்தார். நானும் அண்ணனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறையும் அடித்து, மேலிருந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தட்டினார்.

திரையில் வந்ததை முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நன்றி."

நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பி, "நானே அனுப்பிட்டேன்" என்றார் அப்பா.