இரைச்சல் நீக்கி

பதிவில் அம்மாவின் குரல் இல்லை.

ஆன்சி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சற்று முன்புதான் அந்தப் பழைய போனை அடுப்படி மேடையில் வைத்து, குக்கர் சீற, மின்விசிறி கடகடக்க, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்க, அம்மாவை ஏதாவது பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். சிலுவையம்மாளைப் பேசச் சொல்ல வேண்டுமா என்ன. மாடி வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போனதற்கு அவளுடைய மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தாள். ஆப் வடிகட்டியதில் குக்கரும் விசிறியும் லாரியும் போய், அந்தத் திட்டு மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். திட்டும் சேர்ந்தே போயிருந்தது. முழு அமைதி. கடைசியில் மட்டும், மைக்குக்கு வெகு அருகில், ஓர் ஆணின் மூச்சு. வீட்டில் ஆண் யாரும் இல்லை.

ஆன்சியின் அண்ணன் அலெக்ஸாண்டர் காசிமேட்டிலிருந்து லாஞ்சு விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான். இன்று சாயங்காலம் கரை திரும்ப வேண்டும். லாஞ்சின் வயர்லெஸ் செட் பழுது. சரி செய்யாமல் போகாதே என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். தங்கச்சி செய்த ஆப் இருக்கும்போது வயர்லெஸ் எதற்கு என்று பெருமையடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் அந்த ஆப்பில் பேசினால் போதும். எஞ்சின் சத்தத்தையும் காற்றையும் வடிகட்டிவிட்டு, பேச்சை மட்டும் கரையில் இருப்பவர்களுக்கு அனுப்பும். ஆன்சி வேலை பார்க்கும் கம்பெனி மீனவர்களுக்காகச் செய்துகொண்டிருந்த ஆப் அது. கடலில் அவனுக்கு இருந்த ஒரே வாய் அதுதான்.

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியாமலில்லை. இரைச்சலை நீக்கும் வேலையைச் செய்தது ஒரு நேட்டிவ் லைப்ரரி. வெளியார் எழுதிக் கொடுத்தது, போனின் சிப்போடு நேராகப் பேசும் கோப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து படிக்க முடியாது. புதுச் சிப்புக்கு ஒன்று, பழைய சிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். அவள் கையில் இருந்தது புதியது மட்டும். மீனவர்கள் கையிலோ பழைய போன்கள். தொட்ட மாத்திரத்தில் லைப்ரரி கிடைக்கவில்லை என்று ஆப் செத்து விழுந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து, சோதனைக்காக வாங்கிய இந்தப் பழைய போனுக்குள், முன்பு வைத்திருந்தவர் யாரோ அழிக்காமல் விட்ட ஓர் ஆப்பில், அதே பெயரில் பழைய சிப்புக்கான கோப்பு கண்ணில் பட்டது. உருவினாள். தன் ஆப்பில் செருகினாள். ஆப் திறந்தது. திறந்ததே பெரிய விஷயம் என்று, அது என்னத்தை வடிகட்டுகிறது என்று கேட்டுக்கூடப் பார்க்காமல் அண்ணனின் போனிலும், படகுச் சங்கத்து ஆசீர்வாதத்தின் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டாள்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த காற்றில் நிலக்கரித் தூசியும் கருவாட்டு வாடையும் கலந்து தொண்டையை அரித்தது. ஆப்பின் குறிப்பேடான லாகைப் பார்த்தாள், ஒரு பிழையும் இல்லை, லைப்ரரி ஒழுங்காக ஏறியிருந்தது. ஒலியின் வேகத்தை மாற்றிப் பார்த்தாள், போனை அணைத்துப் போட்டாள், தானே பேசிப் பதிந்தாள். அவள் குரலும் போயிற்று. மூச்சு மட்டும், முன்னைவிடக் கொஞ்சம் கிட்டே. யாரும் பேசாத வெற்று அறையைப் பதிந்தாள். அதில் மூச்சு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, அந்த ஏற்ற இறக்கத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்து, அம்மா மாடி வீட்டுக்காரியைத் திட்டிய அதே தாளம் என்று புரிந்தபோது அவள் கை தானாகப் போனைத் தள்ளி வைத்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. போன் அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து, ஆப் வழியாகக் குரல் செய்தி.

“எம்மா, எல்லாம் நல்லா கீது. வந்துகினு கீறோம். சோத்த வடிச்சி வை.”

சிலுவையம்மாள் அடுப்படியிலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டாள். வந்துட்டான் பாரு, நீதான் சும்மா பேஜாரு பண்ணிகினு கெடந்த என்று மகளைக் கடிந்துகொண்டே அரிசியைக் களைந்தாள். அண்ணனின் குரல்தான். சந்தேகமில்லை. ஆனால் பின்னால் எஞ்சின் இல்லை, காற்று இல்லை, அலை இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவன் மூச்சு வாங்கவேயில்லை.

சோதனைப் பதிப்பு என்பதால், வடிகட்டாத அசல் ஒலியும் தனியாக அவளுடைய லேப்டாப்புக்கு வந்து சேரும்படி வைத்திருந்தாள். அது கனமான கோப்பு. கடலிலிருந்து இழுத்து இழுத்துத்தான் வரும். பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதியில் நின்றது. நகர்ந்தது. அதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது. எல்லாம் நல்லா கீது. மறுபடி. எல்லாம் நல்லா கீது. அதே குரல், அதே நிதானம்.

கோடு முடிந்தது. அழுத்தினாள்.

காற்று. மரம் முனகுவது. எஞ்சின் சத்தம் இல்லை. அதற்கு மேல் அண்ணன், தொண்டை கிழிய.

“ஆன்சி, எஞ்சின் நின்னுபோச்சி. தண்ணி உள்ள பூந்துகினு கீது. ஆசீர்வாதம் அண்ணங்கிட்ட சொல்லி படகு அனுப்பு. சீக்கிரம்.”

அவள் கைக்கு அகப்பட்ட போனை எடுத்து ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டாள். எடுத்ததும் கொட்டினாள். படகு மூழ்குகிறது, ஆள் அனுப்புங்கள், இப்போதே. மறுமுனையில் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்டியா. சந்தோசம்மா. நல்லபடியா வரட்டும். அப்ப நான் படகு அனுப்பல.”

வைத்துவிட்டார்.

அவள் கையைப் பார்த்தாள். அந்தப் பழைய போன்.

எறிந்தாள். தன் போனை எடுத்துக் கூப்பிட்டாள். அவர் எடுத்தார். கத்தினாள். ஹலோ, ஹலோ என்றார். யார் பேசுவது என்றார். கத்தினாள். லைன் சரியில்லை என்று வேறு யாரிடமோ சொல்லிவிட்டுத் துண்டித்தார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஒலியை முழுக்க ஏற்றினாள். அண்ணனின் அலறல் பாத்திரங்களில் அதிர்ந்தது. சிலுவையம்மாள் திரும்பவில்லை. கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா.”

திரும்பவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்மா தோளைச் சொறிந்துகொண்டாள். பிறகு காதைச் சாய்த்தாள். வாசல் பக்கம். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல், முகமெல்லாம் சிரிப்பாக.

“வா நைனா. தங்கச்சியா? உள்ளதான் கீது. இன்னாவோ, சத்தமே காணோம்.”

ஆன்சி கத்தினாள். நெஞ்சு வலித்தது. தொண்டை அதிர்ந்தது. அவள் காதிலேயே ஒன்றும் விழவில்லை.

லேப்டாப்பில் புதிய அசல் ஒலி வந்து சேர்ந்தது. அவள் தொடவில்லை. தானாக ஓடியது.

அலை. பலகை பிளக்கும் சத்தம். அண்ணன் இப்போது உதவி கேட்கவில்லை. யாரையோ தேற்றிக்கொண்டிருந்தான். அழாத ஆன்சி. என் கையப் புட்ச்சிக்கோ. அவன் பக்கத்தில், உப்புத் தண்ணீரை விழுங்கி விழுங்கி, அவளுடைய குரல் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சிலுவையம்மாள் தனக்கும் மகனுக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.