நாலாம் அட்டையில் எழுதிய பேர்

ஜெபதாஸ் தபீதாளின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அதே நேரத்தில் கட்டிலுக்கடியிலிருந்து அவன் மாங்கொட்டை சப்புகிற சத்தம் கேட்டது.

சத்தத்தில் பெற்றவளுக்குச் சந்தேகமே இல்லை. அவன் கொட்டை சப்பினால் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் விசிலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு வயதில் அப்படியொரு உறிஞ்சல் ஜில்லாவிலேயே வேறு எவனுக்கும் வாய்க்கவில்லை. ஓர் உறிஞ்சல், ஒரு பெருமூச்சு, பிறகு திருப்தியாகச் சின்னதாய் ஓர் ஏப்பம்.

"எலிம்மா," என்றாள் மகள் லோயிஸ், தலை நிமிராமல்.

"எலி ஏப்பம் வுடுமாடி?"

பென்சில் சீவிக்கொண்டிருந்த பத்து வயது லோயிஸின் கை நின்றது.

எழுபத்துநாலாம் வருஷத்து மே மாதம் அது. வெயிலுக்குப் பயந்து காக்காய்கள் சுவரோரமாய் நடந்தே போய்க்கொண்டிருந்த மே மாதம். மத்தியானம் கரண்ட் போனதும், பிள்ளைகள் தெருவில் இறங்கி காய்ந்து கருவாடாகிவிடாமல் இருக்க, படக்கதை போடலாம் என்று யோசனை சொன்னதே தபீதாள்தான். வீட்டில் வெள்ளைத்தாள் கிடையாது. இருந்தது நாலு அட்டைகள். அவள் புருஷன் சத்தியநாதன் அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவன்; மிச்சம் விழுந்தது என்று போன வாரம் கொண்டுவந்தவை. கெட்டி அட்டை, விரல் தடிமனுக்குக் கறுப்பு ஓரம். சபையில் யாராவது கர்த்தருக்குள் நித்திரையடைந்தால் வீடு வீடாகக் கொடுக்கிற துக்க அட்டை. ஓரத்தை முன்கூட்டியே நூற்றுக்கணக்கில் அடித்து வைத்துவிடுவார்கள். பேரை மட்டும் ஆள் போன பிறகுதான் கோர்ப்பார்கள்.

"கட்டம் கட்டி ரெடியா கீதும்மா, ஸ்கேலே வேணாம்," என்று லோயிஸ் குதித்தாள். தபீதாளும் சிரித்தாள். அட்டையை எதற்கு வீணாக்குவது?

கதை ஜெபதாஸின் கதைதான். முதல் அட்டையில் கதவோரம் எட்டிப் பார்க்கிறான். இரண்டாவதில் முட்டி போட்டுத் தவழ்ந்து வருகிறான். மூன்றாவதில் கட்டிலுக்கடியில், வைக்கோலில் பழுக்கப் போட்ட மாம்பழத்தைத் தின்கிறான். நாலாவதில் நைனா சத்தியநாதனிடம் மாட்ட வேண்டும். லோயிஸுக்கு எல்லாம் வரும், விரல்தான் வராது. கைக்கு நாலோடு நிறுத்திவிடுவாள். மூன்று படம் முடிந்ததும் கை வலிக்கிறது என்று நாலாம் அட்டையை அப்படியே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ஜெபதாஸ் சண்டைக்கு வந்தான்.

"யாரு இவனுங்க மூணு பேரும்?"

"எல்லாம் நீதான்டா."

"நான் ஒர்த்தன்தான கீறேன்? இவனுங்க மூணு பேர் கீறானுங்களே."

"அப்புறம் அப்புறம் நடக்குறதுடா, மக்கு," என்றாள் லோயிஸ். அவனுக்கு உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தால் வேலூருக்குக் கேட்கும் என்று தபீதாள் மைப்பேனாவை எடுத்து, தன் முத்து முத்தான எழுத்தில், ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதினாள். ஜெபதாஸ். ஜெபதாஸ். ஜெபதாஸ். கையோடு காலி அட்டையிலும் எழுதிவிட்டாள்.

"இப்ப எல்லாம் நீதான, ராஜா?"

தண்ணி குடிக்கிறேன் என்று உள்ளே போனான். திரும்பும்போது முட்டி போட்டுத் தவழ்ந்து வந்து அவள் தோளில் சாய்ந்தான். விளையாட்டு என்று நினைத்தாள்.

இப்போது அந்தி. ஜன்னல் வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. அறையில் மாம்பழ வாசனை, வைக்கோல் வாசனை, இரண்டையும் அமுக்கிக்கொண்டு அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. சத்தியநாதன் வேலை முடிந்து வரும்போது சட்டையில் வருகிற அதே வாடைதான். ஆனால் அவன் இன்னும் வரவில்லை. கட்டிலுக்கடியில் உறிஞ்சல் நிற்கவேயில்லை. மாம்பழமே தீர்ந்துபோய் வேறெதையோ உறிஞ்சுவதுபோல் நீண்டுகொண்டே போனது. சமையலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

அங்கே ஒரு தலை. எட்டிப் பார்த்தது. அதே நடுவகிடு. அதே விழுந்த பல். கண் இமைக்கவில்லை, லோயிஸ் இமை வரைந்திருக்கவில்லை.

தபீதாள் தோளில் சாய்ந்திருந்தவனை இன்னும் இறுக்கினாள். இவன் என் பிள்ளை. இவன்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று, அட்டைபோல் வழவழவென்று இருந்தது.

தடவினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

மறுபடி எண்ணினாள்.

நாலு.

"லோயிஸ்," என்றாள் மெதுவாக. "எழுந்து என் பக்கத்துல வா."

லோயிஸ் வரவில்லை. தோளில் இருந்தவனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம ஜெபா எங்க?"

தரையில் அட்டைகள். முதல் மூன்றிலும் கறுப்பு ஓரத்துக்குள் வெறும் வெள்ளை. படம் இல்லை. பேர் மட்டும். நாலாவதில் ஈரமாய் ஏதோ ஊறியது. ஒரு சின்ன உள்ளங்கை. உள்ளிருந்து கண்ணாடியில் வைத்து அழுத்தியதுபோல.

ஐந்து விரல்.

பிளேடு. பென்சில் சீவிய பிளேடு. எடுத்தாள். நாலாம் அட்டையின் பேரைச் சுரண்டினாள். முதல் எழுத்தில் ஒரு கோடு.

"அம்மா, வலிக்குதும்மா."

அட்டைக்குள்ளிருந்து. கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல. அவன் குரல்தான்.

பிளேடு விழுந்தது.

உறிஞ்சல் நின்றது. தோள் லேசானது. வெளியே சைக்கிள் மணி. கேட்டிலிருந்தே மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவது சத்தியநாதனின் வழக்கம்.

கூப்பிடாதே. பேரைச் சொல்லாதே. அவள் வாய் திறப்பதற்குள் அவன் குரல் வந்துவிட்டது.

"ஜெபா! நைனா வந்துக்கினு கீறேன்டா!"

"நைனா," என்றன மூன்று குரல்கள். வாசலை நோக்கி மூன்று ஜோடிக் கால்கள் ஓடின.

தபீதாள் அட்டையை நெஞ்சோடு அணைத்தாள். பிறகு விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கை அங்கேயேதான் இருந்தது. கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல்.

சுண்டுவிரல் வெளுத்துக்கொண்டிருந்தது.