பல்லி சொல்லாத வார்த்தை

அந்த வீட்டில் ஜாம் பாட்டில் மூடியைத் திறப்பது அண்ணனின் வேலை. மூடி எவ்வளவு இறுகியிருந்தாலும் சரி, அவன் கையில் கொடுத்தால் ஒரே திருகுதான். சும்மா வந்த விரல்களா அவை? சுவர் ஏறி ஏறி உரமேறிய விரல்கள்.

அதனால்தான் அன்று காலையில் அம்மா பாட்டிலை நீட்டியபோது, "கரண்டியால மூடியைத் தட்டும்மா, திறந்துக்கும்" என்று அவன் சொன்னதும், பல்லி மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

பல்லி அவனுடைய தங்கை. சுவரில் ஒட்டிக்கொண்டால் கீழே இறங்க மாட்டாள், அதனால் கிடைத்த பட்டம் அது. அம்மா எதையும் கவனிக்கவில்லை. அவர் பேருந்து ஓட்டுநர். காலை வண்டியை எடுக்கும் அவசரத்தில் இருந்தார். கரண்டியால் இரண்டு தட்டு தட்டி, மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"கையைக் காட்டு" என்றாள் பல்லி.

"எதுக்கு?"

"காட்டு அண்ணா."

அவன் வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான். பல்லியும் மேசைக்கு அடியில் போனாள். நடுவிரலின் நடுமூட்டு புஸ்ஸென்று வீங்கியிருந்தது.

இந்த இடத்தில் அவர்கள் ஏறும் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தெருக்கோடியில் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. மூட்டைகள் அடுக்கிய இடத்தில் இப்போது கூரைவரைக்கும் சுவர் எழுப்பி, கலர் கலராகப் பிடிகளைத் திருகி வைத்திருக்கிறார்கள். சில பிடிகள் குடம் போலப் பெரியவை. சில வெறும் விளிம்புகள், தீப்பெட்டியின் அகலம்கூட இருக்காது. அந்த விளிம்பில் விரல்நுனிகளை ஊன்றி, மூட்டுகளை மடித்து நிறுத்தித் தொங்க வேண்டும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் நண்டுப்பிடி. அண்ணன் நண்டுப்பிடியில் கெட்டிக்காரன். காலையும் மாலையும் அதையே பிடித்துப் பிடித்துத்தான் விரல் இப்படி ஆனது.

"எத்தனை நாளா வலிக்குது?"

"கொஞ்ச நாளா. சுளுக்குதான், சரியாயிடும். சனிக்கிழமை தேர்வு முடியட்டும்."

அது ஊர் அணிக்கான தேர்வு. ஜெயிப்பவர்களை மலைக்கு அழைத்துப்போவார்கள். நிஜப் பாறை. அண்ணன் இதுவரை திருகி வைத்த பிளாஸ்டிக் பிடிகளைத்தான் தொட்டிருக்கிறான். பாறை தொட்டால் சில்லென்று இருக்குமா, சுடுமா என்று தூக்கத்தில்கூட உளறுகிறவன் அவன்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அம்மாகிட்டயும், கோச் அக்காகிட்டயும். சொன்னா உன்கூட பேசவே மாட்டேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் பல்லி. அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு ஒரு யோசனை வேறு வந்து தொலைத்தது. "ஒரு விரல்ல மட்டும் டேப் சுத்தினா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. நாலு விரலுக்கும் சுத்திடறேன். எந்த விரல்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அண்ணன் முகம் மலர்ந்தது. "மூளைக்காரி நீ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் அன்றைக்கு மறைந்துவிட்டது. பல்லி பிசிறில்லாமல் டேப் சுற்றியிருந்தாள். கோச் அக்காகூட பார்த்துவிட்டு, "என்னடா, புது ஸ்டைலா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பெருமை போயே போய்விட்டது.

அண்ணன் குளியலறைக்குப் போய் வெகுநேரமாகியும் வரவில்லை. கதவு லேசாகத் திறந்திருந்தது. குழாயடியில் விரலை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். பாதிக்கு மேல் பொத்தான் போட முடியாமல் சட்டை திறந்து கிடந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்தபோதுகூட அவன் அழவில்லை.

"அண்ணா, சொல்லிடலாம். எனக்கு பயமா இருக்கு."

"சத்தியம் பண்ணியிருக்க" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் விரல் போச்சு. பல்லி அன்று சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே" என்றார்.

சனிக்கிழமை கிடங்கில் கூட்டம். பல்லிதான் அண்ணனுக்குக் கயிறு பிடிப்பவள். ஏறுகிறவர் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை, கூரை வளையத்தில் நுழைந்து இறங்கும் மறுபக்கம் கீழே நிற்பவர் இடுப்புக் கொக்கியில். அண்ணன் தவறி விழுந்தால் பஞ்சு போன்ற பல்லி மேலே பறந்துவிடுவாள். அதற்காக அவள் பெல்ட்டை ஒரு மணல் மூட்டையோடு கட்டியிருப்பார்கள். அதை "உன் தம்பி" என்று எல்லாரும் கேலி செய்வார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஏறுவதற்கு முன்பு ஜோடியில் ஒருவரை ஒருவர் சரிபார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கயிறு பிடிப்பவர் "ஏறலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராமல் யாருடைய காலும் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. கோச் அக்காவே ஏறினாலும் அதுதான் விதி.

அண்ணனின் முறை வந்தது. பல்லி குனிந்து பார்த்தாள்.

"முடிச்சு சரி. பெல்ட் சரி. கொக்கி சரி."

அண்ணன் சுவர் பக்கம் திரும்பினான். வியர்வை வழுக்காமலிருக்கக் கைகளில் வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டான். காத்திருந்தான்.

பல்லி வாய் திறக்கவில்லை.

"சொல்லு" என்றான் மெதுவாக.

அவள் மேலே பார்த்தாள். அண்ணன் ஏற வேண்டிய பாதையில் முதல் பிடியிலிருந்து கடைசிப் பிடிவரை எல்லாமே தீப்பெட்டி விளிம்புகள். கீழே பார்த்தாள். நான்கு விரல்களிலும் அவள் சுற்றிய அழகான டேப்.

"பல்லி, எல்லாரும் பாக்கறாங்க. ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலை."

"என்னால சொல்ல முடியல அண்ணா." அவள் கண்களில் நீர் முட்டியது.

கோச் அக்கா வந்தார். "என்ன ஆச்சு? முடிச்சு சரியில்லையா?"

"சரியா இருக்கு."

"கொக்கி?"

"சரியா இருக்கு."

"அப்புறம் ஏன் சொல்ல மாட்டேங்கற?"

பல்லி மணல் மூட்டையையே பார்த்தபடி நின்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவள், சொல்லவில்லை. ஆனால் அந்த இன்னொரு வார்த்தையையும் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அண்ணனின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. அவன் தங்கையைப் பார்த்தான். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. பிறகு வலது கையை வாயருகே கொண்டுபோய், பல்லால் டேப்பைக் கடித்து இழுத்துப் பிரித்தான்.

"விரல்தான் சரியில்ல கோச் அக்கா" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா ஓட்டுநர் சீருடையோடே ஓடி வந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பிள்ளைங்களுக்கு எலும்போட முனையிலதான் வளர்ற இடம் இருக்கும். அது இன்னும் கெட்டியாகியிருக்காது. அங்கதான் கீறல் விட்டிருக்கு. இன்னைக்கு இதே விரல்ல தொங்கியிருந்தா பெரிசாப் பிளந்திருக்கலாம். அப்புறம் விரல் கோணலாவே நின்னுடும்."

"டேப் போட்டிருந்தேனே" என்றான் அண்ணன்.

"டேப்பால எலும்பு ஒட்டாது தம்பி. ஓய்வுதான் ஒட்டவைக்கும். நான் சொல்ற வரைக்கும் சுவர் பக்கமே போகக்கூடாது."

பல்லி தரையைப் பார்த்துக்கொண்டு, "டேப் சுத்தினது நான்தாம்மா" என்றாள். அம்மா ஒன்றும் திட்டவில்லை. இரண்டு பேரையும் இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் சொன்னதைச் செய்தான். பல்லியோடு பேசவில்லை. அணி மலைக்குப் புறப்பட்ட அன்று, வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பல்லி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு வலித்தது.

வாரங்கள் ஓடின. ஒரு காலையில் பல்லி ஜாம் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பார்த்தாள், துணி சுற்றித் திருகிப் பார்த்தாள். மூடி அசைவேனா என்றது. எதிரே அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தான்.

"கரண்டியால தட்டு" என்றான்.

பல்லி தட்டினாள். திறந்துகொண்டது.

"கோச் அக்காகிட்ட நீ நேராவே சொல்லியிருக்கலாமே" என்றான் அவன்.

"சத்தியம் பண்ணியிருந்தேனே."

"அப்போ 'ஏறலாம்'னு சொல்லியிருக்கலாமே."

"அதுவும் சத்தியம் மாதிரிதானே அண்ணா."

அண்ணன் ரொட்டியில் ஜாமைத் தடவி, பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தான்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அவன் மறுபடியும் கிடங்குக்கு வந்தான். குடம் போன்ற பெரிய பிடிகள் மட்டும்தான், நண்டுப்பிடி இப்போதைக்குக் கூடாது என்று கோச் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பல்லி மணல் மூட்டைத் தம்பியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"முடிச்சு சரி. பெல்ட் சரி. கொக்கி சரி."

அண்ணன் சுவர் பக்கம் திரும்பவில்லை. டேப் இல்லாத வலது கையை அவளிடம் நீட்டினான்.

பல்லி நடுவிரலின் மூட்டைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள். கண்ணை மட்டும் அவன் முகத்தை விட்டு எடுக்கவில்லை. அந்த முகம் சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவன் சிரித்துவிட்டான்.

"ஏறலாம்" என்றாள் பல்லி.