வாளிக்குள் அம்மாவின் கல்

வாயாடி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அப்பா கேலி செய்வார். ஆனால் அம்மா வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து அவள் பேச்சு பாதியாகிவிட்டது. அம்மாவின் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

அம்மா பொறியாளர். சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக, வீணாகும் உமியை எரித்த சாம்பலில் கான்கிரீட் செய்கிறார். பிடிப்புக்கு உள்ளே நாரும் சேர்ப்பார். கடல் உப்பை அது தாங்குமா என்று பார்க்க, கடற்கரை ஊரில் ஒரு சுவர் கட்டிக்கொண்டிருந்தார்.

போகும்போது ஒரு சின்னக் கல்லை வாயாடியிடம் கொடுத்திருந்தார்.

"இது அதே கலவைதான். வாளியில உப்புத் தண்ணி ஊத்தி, அதுல போட்டு வை. வாராவாரம் தண்ணிய மாத்து. நீதான் என் உதவியாளர்."

வாயாடியும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் தண்ணீர் மாற்றும்போது ஈரக் கல் கை நழுவித் தரையில் விழுந்தது. நடுவில் ஒரு விரிசல்.

அன்று சாயங்காலம் வீடியோ அழைப்பில் அம்மா அதைப் பார்த்துவிட்டார். முகம் வாடிவிட்டது.

"உப்பு அரிச்சிருச்சு போல. அப்ப சுவரை நிறுத்திட்டு நான் வீட்டுக்கு வந்துட வேண்டியதுதான். கலவையை முதல்ல இருந்து பார்க்கணும்."

வாயாடியின் நெஞ்சு துள்ளியது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாளைக்கே அம்மா வந்துவிடுவார். அவள் எவ்வளவு நாளாக ஏங்கிக்கொண்டிருக்கிறாள்!

ஆனால் அந்த வாடிய முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"உப்பு இல்லம்மா. நான்தான் கீழ போட்டேன்," என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"அதுக்கு ஏன்டி அழற?"

"இனிமே நீ வரமாட்டியே."

அம்மா திரைக்கு நெருங்கி வந்தார். "எனக்கும் எப்பவும் உன் நினைப்புதான்," என்றார். பிறகு, "கீழ விழுந்துமா ரெண்டா போகல?" என்று கேட்டார்.

வாயாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கல்லை இழுத்துப் பார்த்தாள். விரிசலுக்குள் மெல்லிய நார்கள் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன.

"பிரிக்க வரலம்மா. நார் விட மாட்டேங்குது."

"அப்படியா? நான் அதைக் கையில வச்சுப் பார்க்கணுமே. அப்பாகிட்ட சொல்லி கூரியர்ல அனுப்பு."

வாயாடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூரியர்ல தூக்கிப் போடுவாங்கம்மா. நானே மடியில வச்சு எடுத்துட்டு வரேன். வெள்ளிக்கிழமை ஸ்கூல் முடிஞ்சதும் பஸ் ஏறிடலாம். அப்பா துணைக்கு வரட்டும்."

"என்னையும் கூப்பிட்டதுக்கு நன்றி," என்றார் பின்னால் நின்றிருந்த அப்பா.

வெள்ளிக்கிழமை இரவு, கடற்கரை ஊரில் பஸ் நின்றது. வாயாடி இறங்கியதும் துணியில் சுற்றிய கல்லை நீட்டினாள். அம்மா அதை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டார்.