மருத மொட்டுச் சாறு

செல்போன் அலறியது!

சிதம்பரம் கீழ வீதி. 'மொட்டு வைத்தியம்' போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த சுப்பராயலு எடுத்தார்.

"ஐயா... கடலூர்லேருந்து வினோதினி பேசறேன். உங்க சாறைக் குடிச்ச வீட்டுக்காரரு... மூச்சு நின்னுடுச்சுங்கய்யா!"

ராஜவேல்! நெஞ்சு படபடப்புக்கு மருத மொட்டுச் சாறு வாங்கிப் போனவன்!



அடுத்த வாரம், இன்ஸ்பெக்டர் கயல்விழி வந்து நின்றாள். கையில் ராஜவேல் குடித்த பாட்டிலின் போட்டோ. அடியில் நசுங்கிய மொட்டுகள்.

"லேப் ரிப்போர்ட் வந்தாச்சு வைத்தியரே. மருதம் இல்ல... அரளி!"

"ஐயோ! நான் போடலீங்க மேடம்!"

"இருட்டுல மாத்திப் பறிச்சிட்டீங்கன்னு வினோதினி சொன்னா. சூரியன் வர்றதுக்கு முன்னாடியே பறிப்போம்னு நோட்டீஸ்ல நீங்கதானே போட்டிருக்கீங்க?"

போட்டிருந்தார். கலரில்!

வாசலில் நோயாளிக் கூட்டம். 'அரளி' காதில் விழுந்ததும் எழுந்து, மெதுவாகச் செருப்பைத் தேடினார்கள்.

உண்மையைச் சொன்னால் பிழைப்பு போச்சு. சொல்லாவிட்டால்... கொலைக் கேஸ்!

"கிளம்பலாமா?"

"மேடம்..." கையைக் கூப்பினார். "நான் மாத்திப் பறிக்கலீங்க. பறிக்கிறதே இல்லீங்க! எல்லா பாட்டில்லயும் வெறும் கிளிசரினும் கற்கண்டுத் தண்ணியும்தான்... என் ஆயுசுல ஒரு மொட்டைக் கிள்ளினதில்ல!"

கயல்விழி சிரித்தாள்.

"தெரியும்! உங்க வாயாலயே வரட்டும்னுதான் கேட்டேன். எங்க ஆளு நோயாளி மாதிரி வந்து வாங்கிட்டுப் போன பாட்டிலையும் லேப்ல பார்த்தாச்சு. ஒரு தழை வாசனைகூட இல்ல."

"அப்ப... அரளி?"

"வினோதினிதான். புருஷன் குடிச்சிட்டு அடிக்கிற அடி தாங்கல. பழி உங்க தலையில விழட்டும்னு நோட்டீஸை நம்பி அரளி மொட்டையே போட்டுட்டா. காலையில ஒத்துக்கிட்டா. உங்க பாட்டில்ல நெசமாவே மொட்டு போட்ட ஒரே ஆளு அவதான்யா!"

சுப்பராயலு பெருமூச்சு விட்டார். "நான் தப்பிச்சேன்..."

"கொலையிலேருந்து! மோசடிக் கேஸ் இருக்கே? ஏறுங்க ஜீப்புல. வழியில எங்க வீட்டுக்கு ஒரு எட்டு போகணும்."

"எதுக்கு மேடம்?"

"உங்க சாறுலதான் முட்டி வலி போச்சுன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. அதுல ஒண்ணுமே இல்லன்னு நீங்களே சொல்லிடுங்க... நான் சொன்னா அடிப்பாங்க!"